ரயில் மேல் பழி

தெருவில் அவளை நீளக்கை என்றுதான் சொல்வார்கள். வேறு யாருக்காவது அப்படிப் பெயர் வைத்திருந்தால் விஷயம் அடிதடியில் முடிந்திருக்கும். கை நீளம் என்றால் திருட்டுக் கை என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவள் விஷயத்தில் நீளம் இவள் கைக்கு இல்லை, இவளுடைய தையல் மெஷினின் கைக்கு. சாதாரண மெஷினில் ஊசிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கும். இதில் ஒன்றரை முழம். மெஷின் வந்த புதிதில் கீழ்வீட்டுக்காரர் படியில் வழிமறித்து, "உங்க வீட்டுல யாருக்கோ கை நீளமாமே?" என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார். "ஆமாங்க, பர்ஸைப் பத்திரமா வச்சுக்குங்க" என்றாள் அவள். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதை உதறிப் போட நினைக்கவில்லை.

அவள் தைப்பது குயில்ட். மூன்றடுக்குப் போர்வை. மேலே பல நிறத் துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே முழுத்துணி. மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாமல் இருக்க, போர்வை முழுக்கத் தையல் ஓட வேண்டும். மேல்துணியை வாடிக்கையாளர்கள் வீட்டிலேயே சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பது இவள் வேலை. வெறும் கோடாகவும் தைக்கலாம், கைவாகு இருந்தால் படமாகவும் வரையலாம். மற்ற மெஷின்களில் ஊசி ஒரே இடத்தில் நிற்கும், துணியை நாம் நகர்த்துவோம். இதில் துணி ஒரு நீண்ட மேசையில் விறைப்பாகக் கட்டிக் கிடக்கும். மெஷின் சக்கரங்களின் மேல் ஓடும். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு, பேனாவால் எழுதுகிற மாதிரி அத்தனை பெரிய இரும்பால் எழுத வேண்டும். அது ஓடுகிற தடத்துக்குத்தான் ரயில் என்று பெயர்.

அந்த மேசைக்கு இடம் கொடுத்ததில் வீட்டின் கூடம் முழுவதும் போய்விட்டது. சோபா படுக்கையறைக்கு விரட்டப்பட்டது. விருந்தாளிகள் வந்தால் கட்டிலில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அவளுக்கு அதில் ஒரு வெட்கமும் கிடையாது. கூடத்தில் நிற்பது ராஜா, மற்றவர்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும் என்பாள்.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது கூழாங்கல். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம், அதை ஒட்டி இன்னொன்று, இடுக்கில் பொடியாக ஒன்று என்று ஆற்றுப்படுகை மாதிரி துணியை நிரப்பிக்கொண்டே போகிற தையல் அது. கம்ப்யூட்டர் வைத்துத் தைக்கிற கடைகளும் இருந்தன. அங்கே எல்லா வட்டமும் ஒரே அச்சில் விழும். இவள் போடுகிற வட்டங்களில் ஒன்று இன்னொன்றைப் போல இருக்காது, ஆனால் ஒவ்வொன்றும் வட்டமாக இருக்கும். அதற்காகவே தேடி வந்தார்கள். அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

அந்த வட்டங்கள்தான் கெட ஆரம்பித்தன.

முதலில் ஒன்றிரண்டு முட்டையாயின. பிறகு ஓரங்களில் ரம்பத்துக்கு இருப்பது போல் பல் முளைத்தது. அவள் நூலைத் திட்டினாள், கண்டை மாற்றினாள். ஊசியைத் திட்டினாள். மூக்குக்கண்ணாடியைத் திட்டிவிட்டுப் புதுசு போட்டுக்கொண்டாள். கடைசியில் ரயிலைப் பிடித்தாள். குற்றம் சாட்டுவதற்கு ரயிலை விட வசதியான ஆள் கிடைக்காது. பழையது, எதிர்த்துப் பேசாதது, அதோடு உண்மையாகவே கனத்தது. வர வர மெஷினைத் தள்ளுவதற்குள் தோள்பட்டை இற்றுவிழுந்தது. வளைவில் திருப்பும்போது சக்கரம் முரண்டு பிடிக்கிறது, அதனால்தான் வட்டம் கெடுகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

அவள் அவ்வளவு ஆவேசமாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் கடைப் பலகைகளில் எழுத்து எழுதியவர். அளவுகோல் இல்லாமல் ஒரே இழுப்பில் கோடு போடுவார். ஐம்பதைத் தாண்டியதும் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. இப்போது அவருக்குச் சாப்பாடு ஊட்டுவதும் அண்ணி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதும் அண்ணி. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அண்ணி சொன்னாள்: "ஆரம்பத்துல பிரஷ் சரியில்ல, பிரஷ் சரியில்லன்னு எத்தனை பிரஷ் வாங்கினாரு தெரியுமா? ஒரு பெட்டி நிறையக் கெடக்கு." நீளக்கை அதைக் காதில் வாங்காத மாதிரி வேறு பேச்சுக்குப் போனாள். ஆனால் வாங்கியாயிற்று. அன்று முதல் அவளை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ரயிலை மாற்றினால் வட்டம் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் ஆடுவது எது என்று அவளுக்குத் தெரியும். ரயிலாக இருக்கட்டும், கடவுளே, ரயிலாகவே இருக்கட்டும் என்று அவள் வேண்டாத நாள் இல்லை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சும்மா இருக்கிற ஸ்க்ரூவையும் ஒரு திருப்புத் திருப்பாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. புது எந்திரம் என்றால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வாயில் எச்சில் ஊறும். அப்பேர்ப்பட்டவர் புது ரயில் வாங்குகிற இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"எஃகு ரயிலாம், குண்டு பேரிங் வச்ச சக்கரமாம். நம்ம மெஷினுக்கே போடலாமாம். ஒரு விரலால தள்ளினா ஓடுமாம்."

"இருக்கற ரயிலுக்கு என்ன கேடு?"

"கல்லைக் கட்டி இழுக்கற மாதிரி இருக்குங்க. தோள் கழண்டு போகுது."

"நான் எண்ணெய் போட்டு விடறேன்."

"நீங்க எண்ணெய் போடப் போட இன்னும்தான் கனக்குது. உங்க கைராசி அப்படி!"

அவர் எழுந்து போய்த் தைல பாட்டிலை எடுத்து வந்தார். அவள் தோளில் நெடுநேரம் தேய்த்துவிட்டார். சரியான கஞ்சன், தைலத்தைத் தடவியே ரயில் செலவை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மறுநாளே தன் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துப் புது ரயிலுக்குச் சொல்லிவிட்டாள்.

அதை மாட்ட வந்த கம்பெனி ஆளுக்குத் தொப்பையும் இருந்தது, பொறுமையும் இருந்தது. கணவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஸ்பானரைப் பிடுங்கி வாங்கித் தானே ஒரு கை பார்ப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். மனுஷர் சமையலறை வாசலில் சுவரில் சாய்ந்தபடி நின்றதோடு சரி. கம்பெனி ஆள் மெஷினைத் தூக்கி ஓரமாக வைத்தார். அடிவண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பழைய சக்கரம் ஒன்றை விரலால் சுழற்றிப் பார்த்தார். அது சுழலவில்லை. இன்னொன்றைச் சுழற்றினார். அதுவும் அசையவில்லை.

"யாருங்க இதை இப்படி இறுக்கி வச்சது?" என்று நிமிர்ந்தார். "அத்தனை சக்கரமும் ரயிலைக் கவ்விக்கிட்டே ஓடியிருக்கு. இதை வச்சா தச்சீங்க? மாட்டைப் பூட்டித்தான் இழுத்திருக்கணும்."

அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. ரயில்தான்! கம்பெனி ஆளே சொல்லிவிட்டார். இத்தனை நாள் தூக்கிச் சுமந்ததெல்லாம் உடம்பைவிட்டு இறங்கியதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா? நல்லாக் கேட்டுக்குங்க. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் கையில மெஷினைக் குடுத்தா இப்படித்தான். எண்ணெய் போடறேன், எண்ணெய் போடறேன்னு எதைத்தான் போட்டீங்களோ!"

"தெரியாம இறுக்கிட்டேன் போல" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இவரைப் பக்கத்துலயே விடாதீங்க" என்று கம்பெனி ஆளிடம் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். பழைய ரயிலையும் சக்கரங்களையும் கம்பெனி ஆள் கழிவுக்கு எடுத்துக்கொண்டு கீழே வண்டியில் போட்டபோது, ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்து, "தொலைஞ்சது சனியன்" என்றாள். கணவர் அப்போதும் வாசலைவிட்டு நகரவில்லை.

மதியம் தாண்டியதும் எல்லாம் தயாராகிவிட்டது. சோதனைக்கென்று ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். முதலில் கம்பெனி ஆள் மெஷினை ஒரே விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சத்தமே இல்லாமல் போய் நின்றது. பிறகு கைப்பிடியைப் பிடித்து ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "நான் தையல்காரன் இல்லீங்க. எனக்கே எப்படி வருது பாருங்க." வட்டம் ஏதோ சுமார்தான், ஆனால் ஓரம் வழவழவென்று இருந்தது. அவள் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

மெஷினைத் தள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நினைத்தால் போதும், போயிற்று. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஓட்டத்தை அவள் அறிந்ததில்லை. தோள் வலிக்கவில்லை, முதுகு வளையவில்லை. முதலில் நீளமாக ஒரு கோடு, அப்புறம் ஒரு கைப்பிடிக் கூழாங்கல். "ஐயோ, வெண்ணெய் மாதிரி போகுதுங்க!" என்றாள் வாய்விட்டு. ஊசியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

கோடு கோடாக இல்லை. பொடிப்பொடியான அலையாக இருந்தது. வட்டங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றின் ஓரத்திலும் பல். முன்னே எப்போதாவது ஒன்றில் தெரிந்தது இப்போது எல்லாவற்றிலும் இருந்தது.

"இன்னும் பிடிபடல" என்று மறுபடி போட்டாள். இன்னும் மோசமாக வந்தது. பிடியை இறுக்கிக்கொண்டு போட்டாள், பற்கள் பெரிதாயின. தளர்த்திக்கொண்டு போட்டாள், கோடு எங்கேயோ போயிற்று. கம்பெனி ஆள் ஒருமுறை துணியைப் பார்த்தார், ஒருமுறை அவள் கையைப் பார்த்தார், பிறகு தன் கருவிப் பெட்டியை மூடுவதில் மும்முரமாகிவிட்டார்.

"புதுசு இல்லீங்களா, கை பழகணும்" என்றார். "ஒரு வாரம் ஓட்டுங்க."

"ஆமா, கை பழகணும்" என்றாள் அவள். அவர் படியிறங்கிப் போன பிறகும் அதையே சொல்லிக்கொண்டு தைத்தாள். துணியில் இடமில்லாமல் போகும் வரை தைத்தாள். கணவர் வந்து எட்டிப் பார்க்கவே இல்லை. அது அவளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு உறுத்தியது.

மோட்டாரை நிறுத்தினாள். கைப்பிடிகளைப் பிடித்தபடி, எதையும் தள்ளாமல், வெறுமனே நின்றாள். மெஷின் அசைந்தது. மெல்ல, இப்படியும் அப்படியும், ஊசி முனை துணிக்கு மேலே ஆடிக்கொண்டே இருந்தது. கையை எடுத்தாள். நின்றுவிட்டது. மறுபடி வைத்தாள். ஆட ஆரம்பித்தது. எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். எத்தனை தடவை செய்தாலும் அது ஒரே பதிலைத்தான் சொன்னது.

பழைய ரயில் அவள் வட்டத்தைக் கெடுக்கவில்லை. அந்தக் கனம்தான் அவள் நடுக்கத்தைத் துணிவரை போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. கனம் போனதும் உள்ளது உள்ளபடி துணியில் விழுந்துவிட்டது. அப்படியானால் சக்கரங்களை யாரும் தெரியாமல் இறுக்கவில்லை. லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவருக்கு ஒரு நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியாதா?

சமையலறையில் அவர் ஏற்கெனவே பளபளவென்று இருந்த அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

எது என்று அவர் கேட்கவில்லை. துணியைக் கீழே வைத்தார். "டம்ளர்ல பாதி பாதியா ஊத்த ஆரம்பிச்சியே, அப்பலேருந்து."

"பாதியா ஊத்தறேனா? எனக்கே தெரியாதே."

"முழுசா ஊத்தினா சிந்துது. அதனால உன் கை தானாவே நிறுத்திக்குது." அவர் நட்டைத் திருகுகிற மாதிரி விரலைச் சுழற்றிக் காட்டினார். "லிஃப்ட் பெட்டி ஆடினா, தடத்தைக் கவ்விப் பிடிக்கற கைடை இறுக்குவோம், ஆட்டம் நின்னுடும். அதே மாதிரி ஒரு சுத்து இறுக்கிப் பார்த்தேன். வட்டம் நல்லா வந்துச்சு. அன்னிக்கு நீ பாடிக்கிட்டே தச்சே. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ஆட ஆரம்பிச்சுது. இன்னொரு சுத்து இறுக்கினேன்."

"எண்ணெய் போடறேன்னு சொல்லிட்டு."

"ஆமா."

"தோள் வலிக்குதுன்னு நான் அழுதப்போ தைலம் தேச்சு விட்டீங்களே!"

"தேச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வலியைக் கொடுத்ததும் இதே கை, தேய்த்ததும் இதே கை. அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறி அவளை மேடையைப் பிடித்துக்கொண்டு குனிய வைத்தது. அவர் பக்கத்தில் வந்தார். "தொடாதீங்க" என்றாள்.

"அப்பவே சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட போயிருப்பேனே" என்றாள் நிமிர்ந்து.

"போயிருப்பியா?"

போயிருக்க மாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"ரயிலைத் திட்டிட்டு நீ நிம்மதியாத் தூங்கினே" என்றார் அவர். "அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்தா நீ ரெண்டு நாள் சாப்பிடறதில்ல. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"சரி, இதையும் இறுக்குங்க."

"இதுல இறுக்கறதுக்கு இடமே இல்ல. அவர் மாட்டும்போதே பார்த்துட்டேன்."

"அப்போ பழசைத் திருப்பி வாங்கிட்டு வாங்க! இப்பவே போங்க, வண்டி அவ்வளவு தூரம் போயிருக்காது."

அவர் நகரவில்லை. சொல்ல வேண்டாம் என்று நினைத்துப் பிறகு சொன்னார்: "அதுவும் இனிமே உதவாதும்மா. கடைசிச் சுத்து வரைக்கும் இறுக்கியாச்சு. போன மாசமே."

அவள் கூடத்துக்கு வந்தாள். அலமாரியில் டீச்சரின் மேல்துணி காத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் தன் மகளுக்காகப் பொடிப்பொடித் துண்டுகளாக வெட்டிச் சேர்த்தது. முழுவதும் கூழாங்கல் போட வேண்டும், உன்னைத் தவிர யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் போனை எடுத்தாள். எண்ணைச் சரியாக அழுத்த இரண்டு தடவை ஆயிற்று.

"என்னம்மா, புது ரயில் போட்டாச்சா?" டீச்சரின் குரலில் உற்சாகம் வழிந்தது. "எப்படி ஓடுது?"

"ரயில் ரொம்ப நல்லா இருக்குங்க டீச்சர். அது மேல ஒரு தப்பும் இல்ல." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "கைதான் சரியில்ல."

"புதுசுன்னா அப்படித்தான். பழகிடும்."

"இது பழகாதுங்க. எங்க அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு. நீங்க வேற இடத்துல குடுத்துடுங்க."

டீச்சர் விடவில்லை. "நான் காத்திருக்கேனே. ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

"காத்திருந்தா இன்னும் மோசமாத்தான் ஆகும் டீச்சர். இன்னிக்கு இருக்கற கைதான் இருக்கறதுலயே நல்ல கை. அதாலயே முடியல."

போனை வைத்துவிட்டு மேல்துணியை அலமாரியிலிருந்து எடுத்தாள். எடுத்த வேகத்தில் அது மடிப்பு கலைந்து தரையில் சரிந்தது. அவ்வளவு பெரிய துணியை ஒரு ஆளால் மடிக்க முடியாது. கணவர் வந்து, கேட்காமலே எதிர்ப்பக்கத்து இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டார். அவர் மெஷினைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனதும், துணி தரையில் படாதபடி இருவரும் தூக்கிப் பிடித்தார்கள். கூடத்தின் குறுக்கே அது விரிந்து நின்றது. டீச்சர் தன் மகளுக்காகச் சேர்த்த அத்தனை நிறங்களும் அவள் பக்கத்திலிருந்து அவர் பக்கம் வரை நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் துணி வழியாகத் தன் விரல்களுக்கு வருவதை அவர் உணர்ந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்றாள்.

அவர் இழுத்துப் பிடித்தார். அப்படியும் துணி நிற்கவில்லை.